இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், காய்ச்சலில் கிடந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை: என்ன செய்யலாம்?

வாசகி கேள்வி:

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊர் எனக்கு. பாலக்காட்டில் ஒரு ஜவுளிக்கடையில் ஏழு வருஷமாகச் சேல்ஸில் இருக்கிறேன். கடையில் இருபத்தைந்து பேர் வேலை செய்கிறோம். சம்பளம் 15,000 ரூபாய். அதில் மாதாமாதம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) என்று 113 ரூபாய் பிடிக்கிறார்கள். 2025 அக்டோபரில் எனக்கு டெங்கு வந்தது. மூன்று நாள் காய்ச்சலோடேயே கடையில் நின்றேன். அப்புறம் முடியாமல் போய், அம்மா வீடு பொள்ளாச்சியில் இருப்பதால் அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். 11 நாள் வேலைக்குப் போகவில்லை. சம்பளத்தில் 5,500 ரூபாய் குறைத்துவிட்டார்கள். மேனேஜரிடம் கேட்டதற்கு, "இ.எஸ்.ஐ. பிடிக்கிறோமே, அங்கே போய்க் கேளு, கடையில் சிக் லீவுக்கெல்லாம் காசு கிடையாது" என்றார். விஷு சீசனில் லீவு கேட்டால் திரும்பி வரவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட்டில் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணுக்கும் அதே சமயம் காய்ச்சல். அவளுக்கும் சம்பளம் போச்சு. என் வீட்டுக்காரர் கஞ்சிக்கோட்டில் கான்ட்ராக்டரிடம் வேலை செய்கிறார், அவருக்கு இ.எஸ்.ஐ. அட்டையே இல்லை. இப்போது சங்கத்துக்காரர்கள், சிக் லீவை 12 நாளிலிருந்து 18 நாளாக்கச் சொல்லி மனுவில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டோம் என்கிறார் முதலாளி. நான் கையெழுத்துப் போடலாமா?

வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் அதற்குக் கெடு இருக்கிறது. மனு அப்புறம்.

உங்கள் மேனேஜர் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. இ.எஸ்.ஐ.-யில் உங்களுக்குப் பணம் உண்டு என்பது சரி. கடையில் நோய் விடுப்புக்குக் காசு கிடையாது என்பது தப்பு. கேரளக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1960-லிருந்து இருக்கிறது. அதன்படி வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு, 12 நாள் சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு, ஒரு வருஷம் முடித்தவர்களுக்கு 12 நாள் ஆண்டு விடுப்பு. உங்கள் வீடு எல்லையிலிருந்து எத்தனை மைல், அம்மா வீடு எந்த மாநிலம் என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. கடை பாலக்காட்டில் இருக்கிறது, அதனால் கேரளச் சட்டம். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகத் தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர்களுக்கும் இதேதான். பலர் "நமக்குத் தமிழ்நாட்டுச் சட்டம்தானே" என்று நினைத்து வாயைத் திறக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

இனி இ.எஸ்.ஐ. கணக்கு. உங்களிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம், 15,000-க்கு 112 ரூபாய் 50 காசு, மேல்நோக்கி ரூபாயாக்கினால் 113. முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 488 ரூபாய் கட்டவேண்டும். இந்தப் பணத்துக்கு ஈடாக, நோயில் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு உங்கள் சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அக்டோபரில் நோய் வந்ததால், அதற்கு முந்தைய கணக்குக் காலமான 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரையில் குறைந்தது 78 நாளுக்கு உங்கள் பெயரில் பணம் கட்டியிருக்க வேண்டும். ஏழு வருஷமாக இருக்கிறீர்கள், அதனால் இதில் சிக்கல் இருக்காது. ஆனால் பிடித்த பணத்தை முதலாளி உண்மையிலேயே கட்டினாரா என்பதை இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டு இன்றே பார்த்துவிடுங்கள். கட்டாமல் விட்டிருந்தாலும் பயப்படவேண்டாம். முதலாளி கட்டத் தவறியதால் தொழிலாளிக்குப் பலன் கைவிட்டுப் போகிற நிலை வந்தால், திட்டத்தை நடத்தும் இ.எஸ்.ஐ. கழகமே தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 68-ஆவது பிரிவில் வழி இருக்கிறது.

நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்தால் 70 சதவீதம் 350 ரூபாய். முதல் இரண்டு நாளுக்கு இ.எஸ்.ஐ. ஒன்றும் தராது, அதைக் காத்திருப்பு நாள் என்பார்கள். மீதி 9 நாளுக்கு 3,150 ரூபாய் வரவேண்டும். பிடித்தது 5,500. இடைவெளி 2,350.

இந்த இடைவெளிக்காகத்தான் கடைச் சட்டம் வேண்டும். ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்கிறேன். இ.எஸ்.ஐ. சட்டத்தின்படி ஒரு பலனுக்கு உரிமை உள்ளவர், அதே மாதிரியான பலனை வேறொரு சட்டத்தின் கீழ் கேட்க முடியாது. 61-ஆவது பிரிவு. முதலாளிகளின் வக்கீல்கள் முதலில் எடுத்துவைப்பது இதைத்தான். ஒரே நாளுக்குச் சம்பளமும் இ.எஸ்.ஐ. பணமும் வாங்கவும் முடியாது. ஆனால் அந்த முதல் இரண்டு நாளுக்கு இ.எஸ்.ஐ.-யில் உங்களுக்கு உரிமையே இல்லையே, அப்புறம் எப்படி அந்தத் தடை பொருந்தும்? ஆகவே என் ஆலோசனை இது: முதல் இரண்டு நாளைக் கடைச் சட்டப்படி நோய் விடுப்பாகக் கணக்கிட்டு 1,000 ரூபாய் தரச்சொல்லிக் கேளுங்கள். மீதி 9 நாளுக்கு இ.எஸ்.ஐ.-யில் விண்ணப்பியுங்கள். இப்படிக் கேட்டால் உங்களை மறுக்க முதலாளிக்குக் காரணம் கிடைப்பது கடினம். கையில் வருவது 4,150. அந்த வருஷத்துத் தற்செயல் விடுப்பு மிச்சம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 11 நாளையும் அதில் கழித்து முழுச் சம்பளம் கேட்கலாம், அப்போது இ.எஸ்.ஐ. பக்கம் போகக்கூடாது. எது லாபம் என்று மிச்சமிருந்த நாளைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரிச் சீட்டு செல்லுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அலுவலகத்தில் முதலில் கேட்பது அதைத்தான். இ.எஸ்.ஐ.-க்கு வழக்கமாக அவர்களுடைய டாக்டர் தரும் சான்றிதழ்தான் வேண்டும். அவசரத்தில் வெளியே சேர்ந்தவர்கள் மாற்று ஆதாரம் காட்டலாம், அதை ஏற்கக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி, டெங்கு ரத்தப் பரிசோதனை முடிவு, பிளேட்லெட் எண்ணிக்கை எழுதிய தாள்கள், பில்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டரைப் பாருங்கள், பிறகு கிளை அலுவலகம். தாமதத்துக்குக் காரணம் எழுதுங்கள்: வெளியூரில் படுக்கையில் இருந்தேன், கடையில் யாரும் வழி சொல்லவில்லை. பலன் சேரவேண்டிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும், அந்தக் கெடு போனால், தகுந்த காரணம் காட்டி இ.எஸ்.ஐ. நீதிமன்றம் கூடுதல் அவகாசம் தந்தால்தான் வழி. இன்னொரு விஷயம், அடுத்த தடவைக்காக. இ.எஸ்.ஐ. இந்தியா முழுக்க ஒரே திட்டம். அட்டையைக் காட்டி எல்லைக்கு அந்தப் பக்கமும் சிகிச்சை பெறலாம். கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் பெரிய இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியே இருக்கிறது. அங்கே சேர்ந்திருந்தால் சிகிச்சைச் செலவும் உங்கள் கையைக் கடித்திருக்காது, சான்றிதழுக்கும் அலைந்திருக்க வேண்டாம்.

காய்ச்சலோடு மூன்று நாள் நின்றதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு மனசு பதறியது. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற சமயம்தான் ஆபத்தான சமயம் என்று டாக்டர்கள் சொல்வார்கள், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். சம்பளம் போகுமே என்று பயந்து, "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று அந்த நாளில் கடைக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு சொகுசு என்று பேசுகிறவர்கள் ஒரு டெங்கு வார்டில் அரைநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

திரும்பி வரவேண்டாம் என்ற மிரட்டலுக்கு வருகிறேன். நோய்ப் பலன் பெறும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ, பதவி இறக்கவோ, தண்டிக்கவோ கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு சொன்னது. அதனால் நோய் நாட்களை இ.எஸ்.ஐ. பதிவில் ஏற்றுவது பணத்துக்காக மட்டுமில்லை, உங்கள் வேலைக்கும் அது பாதுகாப்பு. பதிவில் இல்லாத நோயை "சொல்லாமல் நின்றுவிட்டாள்" என்று மாற்றி எழுத அவர்களுக்கு நிமிஷமாகாது. 2025 நவம்பர் 21 முதல் பழைய இ.எஸ்.ஐ. சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. உங்கள் நோய் அதற்கு முந்தையது என்பதால் பழைய சட்டத்தின் கணக்கிலேயே கேட்கலாம்.

புகார் எங்கே கொடுப்பது? கடை இருக்கும் பகுதியின் அசிஸ்டென்ட் லேபர் ஆபீசரிடம். அவர் கடைக்கு வந்து விடுப்புப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் பார்க்க அதிகாரம் உள்ளவர். மலையாளத்தில் எழுத வராதே என்று தயங்காதீர்கள். குறைதீர்க்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ பயன்படும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவே சொல்கிறது. தமிழிலேயே எழுதுங்கள். வேலை சீக்கிரம் நடக்க, தெரிந்தவர் யாரையாவது வைத்து ஒரு மலையாளப் படியையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். ஆபீசர் கூப்பிட்டு விசாரிக்கும்போது கூட வேலை செய்கிற ஒருவரையாவது அழைத்துப் போங்கள். கடையில் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பணத்தைக் கையில் கொடுத்து ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டால், படித்துப் பார்த்து, தொகையும் தேதியும் எதற்கான பணம் என்பதும் எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். வெற்றுத் தாளில் வேண்டாம்.

ஆகஸ்ட்டில் சேர்ந்த அந்தப் பெண்ணின் நிலைமைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு இ.எஸ்.ஐ. மருத்துவம் உடனே உண்டு, ஆனால் நோய்க்கான பணம் சேர்ந்து ஏறக்குறைய ஒன்பது மாதம் கழித்துத்தான் கிடைக்க ஆரம்பிக்கும். அவள் சம்பளத்திலும் அன்றிலிருந்தே பிடிக்கிறார்கள். இரண்டு மாதத்தில் காய்ச்சல் வந்தால் ஒன்றுமில்லை. ஜவுளிக்கடைகளில் ஓணத்துக்கு எடுத்து, சீசன் முடிந்ததும் நிறுத்தி, விஷுவுக்கு மறுபடி எடுக்கிற வழக்கம் உங்களுக்கே தெரியும். அப்படி விட்டு விட்டு வேலை செய்கிறவர்கள் அந்த 78 நாளை எட்டாமலே போகலாம், மாதாமாதம் பணம் மட்டும் பிடிபடும். அவளுக்கு ஒரே வழி கடைச் சட்டத்தின் நோய் விடுப்பு. "இ.எஸ்.ஐ. இருக்கிறதே" என்ற பதில் அவளிடம் செல்லாது, பணப் பலனுக்கு அவளுக்கு உரிமையே இன்னும் வரவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு புகாராகக் கொடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் விஷயம் சுருக்கமாக. கான்ட்ராக்டர் மூலம் வேலை செய்தாலும், கான்ட்ராக்டர் பதிவு செய்யாவிட்டால் இ.எஸ்.ஐ. கட்டவேண்டிய பொறுப்பு கம்பெனி முதலாளியுடையது. சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அவர் அட்டை கேட்கலாம். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை வேலை என்றால் கை கால் அடிபடும் ஆபத்து அதிகம். வேலையில் அடிபட்டால் நாள் சம்பளத்தில் 90 சதவீதம் உண்டு, அதற்கு 78 நாள் நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் பொருந்தும். கம்பெனி கேட் பாஸ், வருகைப் பதிவின் போட்டோ, கான்ட்ராக்டர் பணம் போட்ட வங்கிக் கணக்குத் தாள், இவற்றைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது மனு.

கையெழுத்துப் போடுங்கள். ஆனால் 12 நாளை 18 ஆக்குவது மட்டும்தான் அதில் இருக்கிறது என்றால், அது போதாது என்று சங்கத்துக்காரர்களிடம் சொல்லுங்கள். உங்கள் கடையில் இருக்கிற 12 நாளே யாருக்கும் கிடைக்கவில்லை. தாளில் ஆறு நாள் கூட்டுவதால் ஆகஸ்ட்டில் சேர்ந்தவளுக்கு என்ன வந்தது? என்னைக் கேட்டால், முதலில் கேட்கவேண்டியது ஒன்றுமே கிடைக்காதவர்களுக்கு. பத்துப் பேருக்குக் குறைவான கடைகளில் இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை; பாலக்காட்டுக் கடைத்தெருவில் முக்கால்வாசி அப்படிப்பட்ட கடைகளாகத்தான் என் கண்ணில் படுகின்றன. அவர்களை உள்ளே கொண்டுவர வேண்டும். காத்திருப்பு இரண்டு நாளை எடுக்க வேண்டும். தினக்கூலிக்கு மிகவும் வலிக்கிற நாட்கள் அந்த இரண்டும்தான், ஏனென்றால் சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அதற்கு இந்தத் திட்டத்தில் ஒன்றும் கிடைக்காது, கிடைத்தாலும் ஒரு நாள் பணம்தான். பிரிட்டனில் மூன்று காத்திருப்பு நாள் இருந்தது. 2025-ல் நிறைவேறிய வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தில் அதை நீக்கி, முதல் நாளிலிருந்தே நோய்ப் பணம் என்று ஆக்கினார்கள். நியூசிலாந்து 2021-ல் ஐந்து நாளைப் பத்து நாளாக்கியது. நாம் கேட்பது எங்கும் இல்லாத ஒன்றை இல்லை. 21,000 ரூபாய் வரம்பும் 2017 ஜனவரியில் வைத்தது. சம்பளம் கொஞ்சம் ஏறியதும் இ.எஸ்.ஐ.-யை இழக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பெண்களை எடுக்கமாட்டோம் என்று முதலாளி சொல்வதை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. செலவு முழுவதையும் ஒரு கடை முதலாளியின் தலையில் வைத்தால் அந்த எண்ணம் வரத்தான் செய்யும். இ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில் 26 வார மகப்பேறு விடுப்புச் சம்பளத்தை முதலாளியே தரவேண்டியிருப்பதால், கல்யாணம் ஆன இளம் பெண்களை எடுக்கத் தயங்குகிற கடைகளை எனக்குத் தெரியும். ஆனால் இ.எஸ்.ஐ. அப்படியில்லை. உங்களுக்கு வரவேண்டிய 3,150 ரூபாய் அவர் பெட்டியிலிருந்து போவதில்லை. ஊரெல்லாம் சேர்ந்து கட்டும் நிதியிலிருந்து போகிறது. நீங்கள் நோயில் விழுந்தாலும் விழாவிட்டாலும், ஆணை எடுத்தாலும் பெண்ணை எடுத்தாலும், அவர் கட்டுவது அதே 488 ரூபாய். அதனால் நீண்ட நோய்க்கு இ.எஸ்.ஐ.-யை விரிப்பதும், முதல் சில நாளுக்கு மட்டும் கடையைப் பொறுப்பாக்குவதும்தான் பெண்களுக்குப் பாதகமில்லாத வழி என்று நினைக்கிறேன். மனுவில் இந்தப் பிரிப்பு தெளிவாக இருந்தால் முதலாளியின் அந்தப் பேச்சுக்குப் பதில் அதிலேயே இருக்கும்.

கேட்டு என்ன ஆகப்போகிறது என்று உங்கள் கடையில் யாராவது சொன்னால், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவை நினைவுபடுத்துங்கள். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கவைக்கப்பட்ட பெண்கள் உட்கார உரிமை கேட்டு வருஷக்கணக்கில் போராடினார்கள். 2018-ல் இதே கடைச் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையைக் கேரள அரசு கொடுத்தது. 2021-ல் தமிழ்நாடும் அதைப் பின்பற்றியது. மூணாறில் 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், பெரிய சங்கங்களையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுத் தெருவில் உட்கார்ந்து போனஸை வாங்கினார்கள். அவர்களுக்கும் இந்த மனுவில் இடம் வேண்டும். தோட்டத்தில் நோய்ப்படி தனிச் சட்டத்தில் வந்தது, இ.எஸ்.ஐ.-யில் இல்லை. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் தோட்ட முதலாளி விரும்பினால் இ.எஸ்.ஐ.-யில் சேரலாம் என்று ஒரு வழி விட்டிருக்கிறார்கள். முதலாளி விரும்பினால் என்பதைத் தொழிலாளி கேட்டால் என்று மாற்றச் சொல்லலாம்.

மனுவின் ஒரு படியை எனக்கு அனுப்பிவையுங்கள். சேர்க்கவேண்டிய வரிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதித் தருகிறேன். ஆனால் அதற்காக இ.எஸ்.ஐ. விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே டிஸ்பென்சரிக்குப் போய்விடுங்கள்.